‘டிபெண்டன்ட்’ என்ற சொல்லுக்குப் பயந்து போலந்துக்குப் போக வேண்டாம்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டினம் பக்கம். 1994-இல் பிறந்தவன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, ஓசூர் சிப்காட்டில் ஒன்பது வருடமாக சிஎன்சி டர்னிங் (கணினி வழி இயங்கும் கடைசல் மிஷின்) வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது, ரிஜிஸ்டரும் செய்துவிட்டோம். மனைவி பிஎஸ்சி நர்சிங். கல்யாணமான எட்டாம் மாதம் ஜெர்மனிக்குப் போனாள். ஸ்டட்கார்ட் பக்கத்தில் எஸ்லிங்கன் என்ற ஊரில் ஆஸ்பத்திரி வேலை. அங்கே லைசென்ஸ் பரீட்சையும் பாஸாகிவிட்டாள். “ஸ்பவுஸ் விசாவில் வந்துவிடு” என்கிறாள். அதாவது ‘டிபெண்டன்ட்’ ஆக, அவளைச் சார்ந்து வருபவனாக. பொண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறான் என்று ஊரில் பேசுவார்கள். எனக்கும் மனசு ஒப்பவில்லை. சொந்தமாக ஒர்க் பர்மிட் வாங்கித்தான் போக வேண்டும் என்றிருக்கிறேன். இங்கே ஒரு ஏஜென்ட், போலந்துக்கு பர்மிட் எடுத்துத் தருகிறேன், மொத்தம் ஆறரை லட்சம் என்கிறார். வேலை குடோனில் பேக்கிங். அதுவும் ஜெர்மனி மாதிரி ஷெங்கன் நாடுதான் (ஒன்றின் அனுமதியில் மற்றவற்றுக்கும் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்), லீவு நாளில் ரயில் ஏறினால் மனைவியைப் பார்த்துவிட்டு வந்துவிடலாமாம். ஐம்பதாயிரம் அட்வான்ஸும் பாஸ்போர்ட்டும் கொடுத்திருக்கிறேன். மீதியைக் கட்டலாமா? அம்மா இங்கே தனியாக இருக்கிறார். பின்னால் அவரையும் அழைத்துக்கொள்ள முடியுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் போய் பாஸ்போர்ட்டை வாங்கி வாருங்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. உங்கள் கையில் இருக்க வேண்டிய பொருள். அதை அடமானம் மாதிரி பீரோவில் பூட்டி வைக்க எந்த ஏஜென்ட்டுக்கும் உரிமை கிடையாது. “ஃபைல் ஓடிக்கிட்டிருக்கு, இப்ப எடுத்தா நின்னுடும்” என்பார். பர்மிட் விண்ணப்பத்துக்கு நகல் போதும். அசல் பாஸ்போர்ட் தேவைப்படுவது விசா மையத்தில் நீங்கள் நேரில் போய் நிற்கும் அன்றைக்குத்தான். சத்தம் போடாமல், விவரம் தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனுவும் எஸ்.பி. அலுவலகத்தில் ஒரு மனுவும் கொடுங்கள். மனு எழுதிய தாளைக் காட்டினாலே பல பாஸ்போர்ட்கள் பீரோவை விட்டு வெளியே வந்துவிடும். பார்த்திருக்கிறேன்.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க, 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுள்ள ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. அவ்வளவுதான். நீங்கள் கொடுத்த அட்வான்ஸே அதைத் தாண்டிவிட்டது. ஆறரை லட்சத்தை என்னவென்று சொல்வது? அமைச்சகத்தின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் அந்த நிறுவனத்தின் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பலகையில் ‘எஜுகேஷன் கன்சல்டன்சி’ என்று மட்டும் இருந்து, உள்ளே வேலைக்கு ஆள் எடுத்தால் அது சட்டத்துக்குப் புறம்பு. ரசீதில் ‘ஃபைல் சார்ஜ்’ என்று எழுதியிருந்தாலும் ஜிபேயில் போன பணத்தின் தடயம் இருக்கும். ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது, புகார் அங்கே போகலாம். பணம் முழுதாகத் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் ஐம்பதாயிரம் போய்விடுமே என்று பயந்து இன்னும் ஆறு லட்சத்தைக் கொண்டுபோய் அதன் மேல் போடுவது கணக்கே இல்லை.

சரி, போலந்து.

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் சிக்கல். போலந்தில் தங்கும் அனுமதி இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்குத் தனி விசா இல்லாமல் போய்வரலாம். எந்த 180 நாள் காலத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள் வரை. அங்கே வேலை மட்டும் செய்ய முடியாது. ஆக, பார்க்கப் போவதில் தப்பில்லை. ஆனால் வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். வார்சாவிலிருந்து ஸ்டட்கார்ட்டுக்குச் சாலை வழி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நம் கிருஷ்ணகிரியைத் தொட்டுக்கொண்டு போகிறதே மும்பை நெடுஞ்சாலை, அதில் இங்கிருந்து ஏறி மும்பையில் இறங்குகிற தூரம். குடோனில் ஆறு நாள் ஷிஃப்ட் முடித்து, ஏழாம் நாள் மும்பைக்குப் போய், மதியம் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலை ஷிஃப்டுக்குத் திரும்புவீர்களா? அப்படியே போனாலும் உங்கள் மனைவிக்கு அன்றைக்கு லீவாக இருக்க வேண்டும். நர்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று தனியாக ஒன்று கிடையாது, ரோஸ்டர்தான்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. உங்களிடம் உள்ள சொத்து அந்த ஒன்பது வருட டர்னிங் அனுபவம். ஜெர்மனியின் விதிகள் அனுபவத்தை ‘சமீபத்தியதா’ என்று கேட்டுத்தான் எண்ணுகின்றன: கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை, கடந்த ஏழு வருடத்தில் எத்தனை என்று. பேக்கிங் குடோனில் கழியும் ஒவ்வொரு வருடமும் அந்த எண்ணிக்கையிலிருந்து கழியும். பணம் கொடுத்து உங்கள் தொழிலை நீங்களே அழித்துக்கொள்வது மாதிரி.

இனி உங்கள் மனைவி சொன்ன வழி. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்கள் என்று எழுத வந்தது. ஆனால் வெண்ணெய் தயாரா என்று முதலில் பார்த்துவிடுவோம். மனைவியிடம் ஒரு பிளாஸ்டிக் அட்டை இருக்கும், நம் ஆதார் அளவில். அவருடைய தங்கும் அனுமதி அது. எந்தச் சட்டப்பிரிவின்கீழ் கொடுத்திருக்கிறார்கள் என்பது அதில் அச்சாகியிருக்கும். வெளிநாட்டில் படித்த நர்ஸ் முதலில் போகும்போது பொதுவாக 16டி என்ற பிரிவில் போவார். படிப்புக்கு அங்கே முழு அங்கீகாரம் கிடைக்கும்வரை தரும் இடைக்கால அனுமதி அது. பரீட்சை பாஸாகி, அங்கீகாரச் சான்று கைக்கு வந்து, வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பித்த பிறகு 18ஏ என்று மாறும். அதுதான் திறன்பெற்ற ஊழியருக்கான அனுமதி. பரீட்சை பாஸானதும் அட்டை தானாக மாறாது. அந்த அலுவலகங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்கே வாரக்கணக்கில், சில ஊர்களில் மாதக்கணக்கில் ஆகும். நான் கீழே சொல்கிற சலுகைகள் 18ஏ அட்டைக்காரரின் கணவனுக்கோ மனைவிக்கோ உரியவை.

முன்பெல்லாம் கணவன் அல்லது மனைவியோடு சேரப் போகிறவர், ஜெர்மன் மொழியில் ஏ1 (ஆரம்ப நிலை; அடுத்தது ஏ2, அதற்கு மேல் பி1) தேர்வு எழுதி பாஸாகிச் சான்றை நீட்டினால்தான் விசா. திறன்பெற்ற ஊழியர்களின் துணைகளுக்கு 2022-ஆம் ஆண்டின் கடைசியில் அதை எடுத்துவிட்டார்கள். வீடு எத்தனை சதுர மீட்டர், இரண்டு பேருக்குப் போதுமா என்ற கேள்வியும் 2024 மார்ச்சிலிருந்து இவர்களுக்குத் தளர்ந்துவிட்டது. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் காப்பீட்டுக்கும் மனைவியின் வருமானம் போதும் என்று காட்ட வேண்டும். முழு அங்கீகாரம் பெற்ற நர்ஸின் முழுநேரச் சம்பளத்தில் பொதுவாக அது கஷ்டமில்லை. விசாக் கட்டணம் 75 யூரோ. ஆறரை லட்சம் கேட்டவர் இதைச் சொல்லாததில் ஆச்சரியமில்லை.

அப்புறம் வேலை. ஸ்பவுஸ் விசா என்றால் வீட்டில் உட்கார வேண்டும் என்று நினைத்துத்தான் நீங்கள் கூசுகிறீர்கள் போலிருக்கிறது. உங்களுக்குக் கிடைக்கப்போகும் அனுமதியில் ‘எர்வெர்ப்ஸ்டேடிக்கைட் எர்லாப்ட்’ என்று எழுதியிருக்கும். வருமானம் தரும் வேலை செய்ய அனுமதி உண்டு என்று பொருள். எந்தக் கம்பெனி, எந்த ஊர், எத்தனை மணி நேரம் என்ற கட்டுப்பாடு இல்லை. முதல் நாளிலிருந்தே. பிடிக்கவில்லை என்றால் கம்பெனி மாறலாம். இப்போது போலந்து பர்மிட்டை எடுத்துப் பாருங்கள்: முதலாளியின் பெயரும் வேலையின் பெயரும் அதில் இருக்கும், அந்த முதலாளி வேண்டாம் என்றால் பர்மிட்டும் ஆட்டம் காணும். நீங்கள் ‘சொந்த’ பர்மிட் என்று ஆசைப்படுவது இன்னொருவர் கையில் கயிறு உள்ள பர்மிட். ‘டிபெண்டன்ட்’ என்று பயப்படுகிற பர்மிட்தான் உங்களை அவிழ்த்துவிடுகிறது.

ஊர்ப் பேச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடமாக நம் பெண்கள் ஐ.டி. மாப்பிள்ளைகளோடு அமெரிக்காவுக்கு எச்-4 விசாவில் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2015 வரை அந்த விசாவில் வேலை செய்யவே முடியாது. அதன் பிறகும் ஒரு பகுதியினருக்குத்தான் அனுமதி. எம்.இ. படித்த பெண்கள் பத்து வருடம் சமையலறையில் நின்றார்கள். “புருஷன் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்” என்று யாரும் பேசவில்லை, “பாக்கியசாலி” என்றார்கள். உங்கள் விஷயத்தில் மட்டும் ஊருக்கு என்ன வந்தது? உங்கள் மனைவி தனியாக அந்நிய ஊருக்குப் போய், புது மொழியில் பரீட்சை எழுதி, உங்களுக்கும் சேர்த்து ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார். அவர் திறந்தது என்பதால் ஜன்னல் வழியாகத்தான் ஏறி வருவேன் என்கிறீர்கள்.

கணக்காகவே பார்த்தாலும் நீங்கள் போவது அவருக்குச் சுமை இல்லை. ஜெர்மனியில் மருத்துவக் காப்பீடு கட்டாயம். அவர் பொதுக் காப்பீட்டில் இருந்தால், உங்களுக்கு வருமானம் இல்லாத காலத்தில் குடும்பக் காப்பீடாக அதிலேயே சேர்ந்துவிடலாம், தனிக் கட்டணம் கிடையாது. ஜெர்மனியில் சம்பள வரிக்குக் குடும்ப நிலையை வைத்து வகுப்புகள் உண்டு. கணவன் இங்கே இருப்பதால் அவர் இப்போது முதல் வகுப்பில் இருப்பார். நீங்கள் போய் ஒரே வீட்டில் முகவரி பதிந்ததும் அவர் வகுப்பு மூன்றுக்கும் நீங்கள் ஐந்துக்கும் மாறிக்கொள்ளலாம்; அவர் கைக்கு வரும் சம்பளம் கூடும். வேலை இல்லாமல் போய் இறங்கும் முதல் மாதத்திலேயே வீட்டு வருமானத்தை ஏற்றிவிடுகிறீர்கள் என்று ஊரில் சொல்லிக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு முடிச்சும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஸ்பவுஸ் அனுமதி அந்தத் திருமண வாழ்க்கையை ஒட்டி நிற்பது. அங்கே சேர்ந்து வாழ்ந்து மூன்று வருடம் ஆவதற்குள் பிரிய நேர்ந்தால், தனியாகத் தங்கும் உரிமை பொதுவாகக் கிடைக்காது. அதனால் சொந்த அனுமதி வேண்டும் என்ற உங்கள் எண்ணம் தப்பு என்று சொல்லவில்லை. வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். ஸ்பவுஸ் விசாவில் போய், அங்கே இருந்துகொண்டே படிப்புக்கு அங்கீகாரம் வாங்கி, வேலையில் சேர்ந்து, பிறகு உங்கள் பெயரில் 18ஏ எடுக்கலாம். திறன்பெற்ற ஊழியருக்கு, மற்ற நிபந்தனைகளும் சரியாக இருந்தால், மூன்று வருடத்தில் நிரந்தரத் தங்கும் உரிமை கேட்க வழியிருக்கிறது.

இங்கிருந்தே நேராகச் சொந்த அனுமதியில் போகும் வழிகள் இல்லையா என்றால், இருக்கின்றன. 2024 ஜூன் 1 முதல் ‘சான்ஸென்கார்ட்டெ’ என்ற வாய்ப்பு அட்டை கொடுக்கிறார்கள். வேலை தேட ஒரு வருடம். ஆறு புள்ளி வேண்டும். உங்களுக்கு நானே கூட்டிப் பார்த்தேன்: 35 வயதுக்குள் இருப்பதால் 2, படித்த தொழிலில் கடந்த ஏழு வருடத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் அனுபவம் இருப்பதால் 3, ஜெர்மன் ஏ2 வரை படித்தால் 1. ஆறு வந்துவிட்டது. ஆனால் செலவுக்கு மாதம் 1,091 யூரோ வீதம் கையிருப்புக் காட்ட வேண்டும் என்பது 2025-ஆம் ஆண்டின் கணக்கு. ஒரு வருடத்துக்கு 13,000 யூரோவைத் தாண்டுகிறது, நம் பணத்தில் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். வேலையும் வாரம் 20 மணி நேரம்தான். இது அங்கே யாரும் இல்லாதவருக்கான வழி. இன்னொன்று, அனுபவசாலிகளுக்கான பிரிவு: இந்தியாவில் அரசு அங்கீகாரம் பெற்ற இரண்டு வருடத்துக்குக் குறையாத படிப்பு, கடந்த ஐந்து வருடத்தில் இரண்டு வருட அனுபவம், கையில் வேலை உத்தரவு. ஆனால் அந்த வேலையின் ஆண்டுச் சம்பளம் 2025 கணக்குப்படி குறைந்தது 43,470 யூரோ இருக்க வேண்டும். ஓசூரில் உட்கார்ந்துகொண்டு, மொழி தெரியாமல், அந்தச் சம்பளத்தில் ஒரு டர்னருக்கு வேலை உத்தரவு வாங்குவது நடக்காது என்று சொல்லவில்லை, நடக்க நாளாகும். அதுவும் எஸ்லிங்கனிலேயே கிடைக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஹாம்பர்க்கில் கிடைத்தால் மறுபடி பழைய கதைதான்.

டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். இந்தியர்கள் அதற்கான விசாவை இங்கிருந்தே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

இனி காகிதம். விசா கிடைப்பதும் தள்ளிப்போவதும் பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் பிறப்புச் சான்றை எடுத்துப் பாருங்கள். ‘தர்மபுரி மாவட்டம்’ என்று இருக்கும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்று. நீங்கள் பிறந்தது 1994-இல். பாஸ்போர்ட், ஆதார், திருமணச் சான்று எல்லாம் கிருஷ்ணகிரி என்று சொல்லும். நமக்கு இது விஷயமே இல்லை. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மேசையில் இருக்கும் அதிகாரிக்கு இரண்டு வேறு ஊர். விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தில் “2004-இல் மாவட்டம் பிரிக்கப்பட்டது, ஊர் ஒன்றே” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஓசூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டைப் பிள்ளைகள் எல்லாருடைய ஃபைலிலும் நான் அந்த வரியைச் சேர்ப்பது வழக்கம்.

அடுத்தது இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் முன்னால் ஒரு இனிஷியலோடு உங்கள் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும். திருமணச் சான்றில் எழுத்தர் கேட்டபடி ஒரு எழுத்துக்கூட்டு. இதற்கு மேல், உங்கள் மனைவி தன் விசா விண்ணப்பத்தில் கணவன் பெயர் என்று எழுதியது நான்காவது வடிவம். பாஸ்போர்ட்டில் உள்ளதை அடிப்படையாக வைத்து மற்றவற்றை ஒப்பிடுங்கள். திருமணச் சான்றில் பிழை இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதே திருத்தம் கேளுங்கள். மனைவியிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும், கொஞ்சம் பக்குவமாகக் கேளுங்கள்: போகும்போது விண்ணப்பத்தில் ‘திருமணமானவர்’ என்றுதானே எழுதினார்? சில இடைத்தரகர்கள் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ‘சிங்கிள்’ போட்டுவிடுவார்கள். அப்படி இருந்தால் அதை நீங்கள் விண்ணப்பிக்கும் முன்பே அங்கே ஒரு வக்கீலைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

அப்போஸ்டில் (ஆவணம் அசல்தான் என்று வெளிநாட்டுக்காகப் போடும் அரசு முத்திரை) போட வேண்டும் என்று பணம் கேட்டார்களா? இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையில் அப்போஸ்டில் ஒப்பந்தம் நடைமுறையில் இல்லை. இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபித்துவிட்டது. ஆவணத்தில் சந்தேகம் வந்தால் அவர்களே வழக்கறிஞரை வைத்து ஊரில் வந்து விசாரித்துச் சரிபார்க்கும் முறைதான் இருக்கிறது. எனவே அந்த முத்திரைக்குச் செலவழிக்க வேண்டாம்.

(இதைப் படிக்கும் புதுத் தம்பதிகளுக்கு ஒரு வார்த்தை: தமிழ்நாட்டில் திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் விமானம் ஏறிவிட்டால், பதிவுக்காகவே டிக்கெட் போட்டுத் திரும்பி வர வேண்டியிருக்கும்.)

விண்ணப்பிக்கும் இடம் சென்னை. ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தானே, அங்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றும். பெங்களூரு தூதரகம் தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்கானது இல்லை. தமிழ்நாட்டு முகவரிக்குச் சென்னைதான். மொழித் தேர்வுக்கு மட்டும் எல்லை கிடையாது. ஜெர்மன் படிக்கவும் தேர்வு எழுதவும் பெங்களூரு கோத்தே மையத்துக்கே போகலாம்.

மொழித் தேர்வுதான் விசாவுக்கு வேண்டாமே என்பீர்கள். விசாவுக்கு வேண்டாம், வேலைக்கு வேண்டும். சிஎன்சியில் ஜி01 என்ற கட்டளை எந்த நாட்டிலும் ஜி01தான். ஃபனுக் கன்ட்ரோல், சீமென்ஸ் கன்ட்ரோல் எல்லாம் ஓசூரில் பார்த்ததே. டிராயிங்கூட நம்மைப் போல ஃபர்ஸ்ட் ஆங்கிள். புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்டு 0,01 என்று எழுதுவார்கள், ஒரு நாளில் பழகிவிடும். ஆனால் ஷிஃப்ட் மாறும்போது முந்தைய ஆள் “மூன்றாம் டூலில் இன்செர்ட் தேய்ந்திருக்கிறது, ஆஃப்செட் பார்த்துக்கொள்” என்று சொல்வது ஜெர்மனில்தான். பாதுகாப்பு வகுப்பு ஜெர்மனில்தான், உங்களை எடுக்கலாமா என்று முடிவு செய்யும் ஃபோர்மனும் ஜெர்மனில்தான் பேசுவார். உங்கள் தொழிலுக்கு அங்கே பெயரே ‘ட்ஸெர்ஷ்பானுங்ஸ்மெக்கானிக்கர்’. இதைச் சொல்லிப் பழகவே ஒரு வாரம் ஆகும். விசா வர எப்படியும் சில மாதங்கள் ஆகும்; அதற்குள் ஏ2 முடித்துவிடுங்கள். போன பிறகு 600 மணி நேர மொழிப் பயிற்சியும் 100 மணி நேர நாட்டறிமுகமும் சேர்ந்த ஒருங்கிணைப்பு வகுப்பு இருக்கிறது, பி1 வரை கொண்டுபோய் விடும்.

கையோடு கொண்டுபோக வேண்டியது அனுபவச் சான்று. நம் பக்கத்துக் கம்பெனிகள் கொடுக்கும் சான்று எனக்கு மனப்பாடம்: “இவர் எங்கள் நிறுவனத்தில் ஆபரேட்டராகப் பணிபுரிந்தார், நடத்தை நன்று.” இதை வைத்துக்கொண்டு ஜெர்மனியில் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் டிப்ளமோவை அங்குள்ள படிப்போடு ஒப்பிட்டு அங்கீகாரம் தருவது நியூரம்பெர்க்கில் உள்ள ‘ஐஹெச்கே ஃபோசா’ என்ற அமைப்பு. அங்குள்ள டர்னர் மூன்றரை வருடம் கம்பெனியிலும் பள்ளியிலுமாகப் படித்தவர். உங்கள் பாடத்திட்டத்தில் குறைவதை அனுபவத்தால் நிரப்ப முடியும், அது எழுத்தில் இருந்தால். என்ன மிஷின், என்ன கன்ட்ரோல், என்ன உலோகம், எத்தனை மைக்ரான் டாலரன்ஸ், ப்ரோக்ராம் நீங்களே எழுதுவீர்களா எடிட் மட்டும் செய்வீர்களா, செட்டிங் செய்வீர்களா, போர் கேஜும் மைக்ரோமீட்டரும் வைத்து அளந்தது யார் – இத்தனையும் வேண்டும். ஆபரேட்டருக்கும் செட்டருக்கும் அங்கே சம்பளத்திலேயே வித்தியாசம் இருக்கும். ஒன்பது வருடமும் கம்பெனி ரோலில் இருந்தீர்களா, கான்ட்ராக்டில் சில வருடமா? கான்ட்ராக்ட் என்றால் பி.எஃப். பாஸ்புக்கைப் பதிவிறக்கி வையுங்கள். எந்த மாதம் யாரிடம் வேலை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. வேலையை விட்ட பிறகு எச்.ஆர். இவ்வளவு விவரமாக எழுதித் தர மாட்டார். மிஷினுக்கு ஆள் வேண்டும் என்று உங்களைத் தேடுகிற இப்போதே வாங்கிவிடுங்கள்.

எஸ்லிங்கன் உங்களுக்கு மோசமான ஊர் இல்லை. இன்டெக்ஸ் என்ற டர்னிங் மிஷின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கம்பெனியின் ஊர் அது. ஸ்டட்கார்ட்டைச் சுற்றி நெடுகிலும் மிஷின் ஷாப்கள். அதே நேரம், 2024-லும் 2025-லும் அந்தப் பகுதியின் வாகன உதிரிபாகக் கம்பெனிகள் ஆட்குறைப்பு அறிவித்துக்கொண்டிருந்தன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். போய் இறங்கிய மாதமே வேலை கிடைக்காது. ஆறு மாதம் வீட்டில் சமைத்து, துணி துவைத்து, மொழி வகுப்புக்குப் போய்வர மனதைத் தயார் செய்யுங்கள். மனைவி நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது சூடாக ரசம் இருந்தால் அவர் என்ன, வேண்டாம் என்றா சொல்லப்போகிறார்?

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2024 மார்ச் 1-க்குப் பிறகு முதன்முதலாகத் திறன்பெற்ற ஊழியர் அனுமதி பெற்றவர்கள் தங்கள் பெற்றோரை அழைக்கலாம். கணவனோ மனைவியோ அங்கேயே வசித்தால் மாமியார் மாமனாரையும் அழைக்கலாம். உங்கள் மனைவி அந்தத் தேதிக்குப் பிறகுதான் போயிருக்கிறார். எனவே சட்டத்தில் கதவு இருக்கிறது. நடைமுறையில் மருத்துவக் காப்பீடுதான் மறிக்கும்: வயதானவருக்கு அங்கே முழுக் காப்பீடு எடுத்துக் காட்ட வேண்டும், அது மிகவும் விலை கூடியது, பலருக்குக் கிடைப்பதே இல்லை. இரண்டு பேரும் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு பேச வேண்டிய விஷயம். அதுவரை அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக யார் இருக்கிறார்கள் என்பதை, டிக்கெட் போடும் முன் அக்கா தங்கையோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

வேலையை இப்போது விடாதீர்கள். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிக் கைக்கு வந்த பிறகு நோட்டீஸ் கொடுத்தால் போதும். இன்று இரவு மனைவி போன் செய்யும்போது, அந்த அட்டையை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 18ஏ என்று இருந்தால் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிட்டுச் சென்னைக்கு விண்ணப்ப வேலையை ஆரம்பியுங்கள். 16டி என்றே இருந்தால், அங்கீகாரச் சான்று வந்த தேதியையும் அட்டை மாற்ற விண்ணப்பித்த தேதியையும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.